நீர்நாய் சாகவில்லை வே

சேக்காளிகளே, நம் பள்ளிக்கூடக் குழுவில் நேற்று வந்த படத்தைப் பார்த்தேன். பார்த்த கையோடு, ராத்திரி போட வேண்டிய பிரஷர் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொண்டேன்.

'சுழிநாடு: இரண்டு பாகங்களும் ஒரே தொகுப்பில்!' கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பொன்னிற எழுத்து. பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய நம்மாள் ஒருவன் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். கீழே உங்கள் ஒப்பாரி. 'சின்ன வயசு திரும்பிருச்சு மக்கா.' 'கண்ணு கலங்கிட்டுலே.' அதற்கும் கீழே ஒருவன்: 'ரெண்டாம் பாகத்துல நீர்நாய் கதவுக்கு முதுகக் கொடுத்து நிக்கும் பாரு. என்னா எழுத்து!'

முதல் பாகத்துக்கு அழுங்கள். நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். ஆனால் 'என்னா எழுத்து' என்று போட்டானே, அவன் மட்டும் அடுத்த தடவை ஊருக்கு வந்தால் என் கண்ணில் படவேண்டாம். கடித்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்கு முன்அனுபவம் உண்டு. பின்னால் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது எட்டிப் பார்த்தால் புரியவேண்டுமே என்று கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் ஒரு சுழி. சுழிக்கு அடியில் ஒரு பாறை. பாறைதான் கதவு. அதற்குப் பின்னால் சுழிநாடு. அங்கே மீன்கள் மரத்தில் கூடு கட்டும். மழை கீழேயிருந்து மேலே பெய்யும். பொய் சொன்னால் தலைமயிர் பச்சையாகிவிடும். வாசலில் காவலுக்கு ஒரு நீர்நாய். அரசனுடைய வீரர்கள் ஈட்டியோடு வந்து 'திற! திற!' என்று கத்துவார்கள்; பாறை அசையாது. குட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் வந்து பாறையில் கையை வைத்து 'பைய' என்பாள். திறந்துகொள்ளும்.

பைய. மந்திரம் அவ்வளவுதான். சென்னைக்காரன் 'மெதுவா' என்பான், புத்தகக்காரன் 'மெல்ல' என்பான். பைய என்கிறவன் நம் ஆற்றுத் தண்ணி குடித்தவன். எழுதியவர் யாரென்று தெரியாது, ஏதோ புனைபெயர். ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் தீர்ப்பே எழுதிவிட்டோம்: ஆள் நம்ம ஊரு. சுழி, குறுக்குத்துறையில் கல்மண்டபத்தைத் தாண்டிக் கிடக்கிற சுழி. அந்தச் சுழியைப் பார்த்து நான் எத்தனையோ தடவை 'பைய' சொல்லியிருக்கிறேன். கரையிலிருந்துதான். நீச்சல் தெரியாது. இப்போதும் தெரியாது.

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் பத்து வருஷம். முதல் பாகம் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தபோது நான் தொட்டிலில் கிடந்தேன். வாராவாரம் பின்னைக் கழற்றி, கதை வந்த தாளை மட்டும் கிழித்துச் சேர்த்துவைத்தது அக்கா. எல்லாம் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை வைத்து, தன் பள்ளிக்கூட நீலப் பாவாடையில் துண்டு வெட்டி முதுகுக்கு ஒட்டியிருந்தாள். மைதாப் பசை. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது கதையில்லை, புளித்த மைதா வாசம். தாளின் பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருந்ததோ அதுவும் சேர்ந்து வரும்: பல்பொடி விளம்பரம், பாதிச் சிரிப்புத் துணுக்கு, 'விடை அடுத்த வாரம்' என்று முடியும் விடுகதை. அடுத்த வார விடை வந்த தாள் பைண்டில் இருக்காது. அந்த விடைகள் எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அதுவும் ஒரு எரிச்சல்தான், வரிசையில் நிற்கட்டும்.

எனக்கு எழுத்துக் கூட்ட வருமுன்னே அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டி முடித்துவிட்டாள். பிறகு மறுபடி. பிறகு மறுபடி. கடைசி அத்தியாயத்தில் குட்டைச் சடைக்காரி வெளியே வந்துவிடுவாள், கதவு சாத்திக்கொள்ளும். நீர்நாய் உள்ளேயே நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நான் மூக்கைச் சிந்துவேன். ஒவ்வொரு தடவையும் அவள், 'சட்டையில தொடைக்காதலே' என்பாள்.

எனக்குப் பத்து வயசு ஆனபோது, வாகையடி முக்குப் புத்தகக் கடையில் அந்தப் பத்திரிகையின் பின்னட்டை தொங்கியது. 'மீண்டும் சுழிநாடு! இரண்டாம் பாகம்! விரைவில்!'

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? பயந்துவிட்டேன். இரண்டாம் பாகம் வருமுன் நான் செத்துப்போனால்? டவுண் பஸ்ஸில் அடிபட்டால்? மாடு முட்டினால்? ரோட்டைத் தாண்ட முன்பின் தெரியாத ஆட்களின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கவைத்த தண்ணியைத்தான் குடித்தேன். மரம் ஏறுவதை விட்டேன். 'புள்ளைக்குத் திடீர்னு புத்தி வந்துட்டே' என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

அக்கா அப்போது காலேஜை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பி.எட். சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 'பாப்போம், பாப்போம்' என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் 'பாப்போ'முக்கு மாப்பிள்ளை பார்ப்போம் என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போது பிடிபடவில்லை.

பத்திரிகை வந்தது. வாராவாரம் சாயங்காலம் மொட்டை மாடியில் அக்கா வாசிப்பாள். கேட்கிறவர்கள் நான், எதிர்வீட்டு இரட்டைப் பிள்ளைகள், பிறகு என் உயிர்ச் சேக்காளியான பாத்திரக் கடை வீட்டுப் பயல். ஒரு கண்டிப்பு: பத்திரிகையை யாரும் தொடக்கூடாது. 'பைண்டு பண்ணணும்லா, கைபட்டா ஓரம் மடங்கும்.' வாசித்து முடித்ததும் சுருட்டிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிடுவாள். நியாயமான கண்டிப்புதானே. பைண்டு என்றால் எங்களுக்குச் சாமி காரியம் மாதிரி.

என்ன கதை வே அது! குட்டைச் சடைக்காரி வளர்ந்துவிட்டாள். திரும்பி வருகிறாள். பாறையில் கை வைத்து 'பைய' என்கிறாள். கதவு திறக்கிறது, ஆனால் ஆள் நுழைய இடம் போதவில்லை. உள்ளேயிருந்து நீர்நாய் தலையை நீட்டுகிறது. மீசையெல்லாம் நரைத்துப்போயிருக்கிறது.

'ஏளா, இம்புட்டு நாளா எங்கன போய்த் தொலைஞ்ச? வாசல்ல நின்னு நின்னு எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. பள்ளிக்கூடம் போனியாம், காலேசு போனியாம். வாசல்ல ஒருத்தன் நிக்கானேன்னு ஒரு எட்டு வந்து பாத்தியாளா?'

அல்வாக் கடை அண்ணாச்சியின் குரலில் அக்கா இதைச் சொல்வாள். பாத்திரக் கடைப் பயல் சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து விழப் பார்த்தான். கதவை இடித்துப் பெரிசாக்குவதா, அவள் குனிந்து தவழ்ந்து போவதா என்று நீர்நாய்க்கும் அவளுக்கும் ஒரு வாரம் முழுக்கச் சண்டை. 'குனிய மாட்டேன்' என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் நீர்நாய் உளியை எடுத்துக்கொண்டு வந்தது.

அச்சில் வரும் நீர்நாய் இப்படி டவுண் பேச்சு பேசுமா என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மடப்பயல்கள். நான் தலைமை மடப்பயல்.

முடி வெட்டிக்கொள்ள சலூனுக்குப் போன அன்றைக்குத்தான் குட்டு உடைந்தது. காத்திருக்கிறவர்களுக்காகப் போட்டிருந்த பத்திரிகைக் குவியலில் அந்த வார இதழ் கிடந்தது. மடியில் விரித்துக்கொண்டேன். சலூன் அண்ணாச்சி ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் நீர்நாய் செத்துக் கிடந்தது.

ஏதோ மின்சாரக் கதிராம். பட்டணத்திலிருந்து பூட்ஸ் போட்ட ஒரு பயல் வருகிறான், கையில் ஒரு பெட்டி. பித்தானை அமுக்குகிறான். பாறை 'சர்'ரென்று திறக்கிறது. நீர்நாய் குறுக்கே வருகிறது, கதிர் பாய்கிறது, 'ஆ' என்ற ஒரே எழுத்தோடு அதன் கதை முடிந்தது. 'பைய' என்கிற சொல்லே இல்லை. குட்டைச் சடைக்காரியை ராணியாக்கி, பட்டுச்சேலை சுற்றி, சிம்மாசனத்தில் உட்காரவைத்திருந்தார்கள். நீர்நாய் செத்த சேதி வருகிறது; அவள் 'கண்ணீர் உகுத்தாள்.' அவ்வளவுதான். முழு அத்தியாயத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

நாற்காலியிலிருந்து குதித்தேன்.

'ஏலே, ஏலே! பாதி மண்டைதான்லே ஆயிருக்கு!'

'செத்துட்டு அண்ணாச்சி!'

'யாருலே செத்தா? எந்த வீட்ல?'

கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பறக்க, ஒரு பக்கம் மொட்டையும் ஒரு பக்கம் காடுமாகக் கீழரத வீதியில் ஓடினேன். பின்னாலேயே சலூன் அண்ணாச்சி கத்திரிக்கோலோடு, 'எய்யா, யாருன்னு சொல்லீட்டுப் போ!' என்று ஓடி வந்தார். எங்கள் வீட்டில்தான் சாவு என்று நினைத்து இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மாடியில் அக்கா வடகத்துக்குக் காவல் இருந்தாள்.

'நீ வாசிச்சதெல்லாம் பொய்யாக்கா?'

என் தலையைப் பார்த்தாள், கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

'எம்முடி பச்சையாயிருக்கா? பாத்துச் சொல்லு.'

பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது.

'அப்ப நான் சொன்னது பொய் இல்ல. அச்சுல வந்திருக்கே, அதுதான்லே பொய். இத எழுதுனவன் மொதப் பாகத்தப் படிக்கவே இல்ல. ஆளே வேற. பித்தான அமுக்குனா தொறக்குமாம்! அவன் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தொறப்பான் போல.' அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. 'மொத வாரம் வாசிக்க உக்காந்தேன். ரெண்டு வரிக்கு மேல வாய்ல வரல. நீங்க நாலு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு இருக்கிய. என்ன செய்யச் சொல்லுத?'

'நீர்நாய் இருக்குல்லா?'

'அது எங்க போவும்? கல்லு மாதிரி இருக்கு. நீ போய் மிச்ச மண்டையையும் வெட்டீட்டு வா.'

அன்றிலிருந்து நான் கூட்டுக் களவாணி. மாடியில் அவள் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு அதில் இல்லாததை வாசிப்பாள்; நான் பக்கத்தில் உட்கார்ந்து, சரியான இடத்தில் பக்கம் திருப்பச் சொல்லித் தொடையில் இடிப்பேன். பாத்திரக் கடைப் பயலுக்குத் தெரியாது. இரட்டையருக்கும் தெரியாது. அவர்கள் வீடுகளில் யாரும் பத்திரிகை வாங்குவதில்லை, சலூனுக்கு அப்பாக்கள்தான் போவார்கள்.

இதற்கு நடுவில் பம்பாய் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். அக்கா பட்டுச்சேலை கட்டி, தலையைக் குனிந்து, தட்டை நீட்டினாள். கூடத்து நடுவில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். நாலு கேள்வி கேட்டார்கள். நாலுக்கும் அப்பா பதில் சொன்னார். நான் அந்தச் சிம்மாசனப் படத்தை ஏற்கெனவே பார்த்தவன். அக்கா போய்விட்டால் சுழிநாடு யார் கையில்? அச்சில் இருக்கிறவன் கையில். அங்கே நீர்நாய் செத்துப்போச்சு.

ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுந்து நின்றேன். ஆனானப்பட்ட வீரன், என்ன செய்தேன் தெரியுமா?

'அத்தான், உங்களுக்கு நீர்நாய் தெரியுமா?'

மாப்பிள்ளை நல்ல மாதிரி. யோசித்தார். 'நாயா? எந்த வகை? அல்சேஷனா?'

'மாப்பிள்ளைக்கு நீர்நாய் தெரியல!' என்று நான் சபைக்கு அறிவித்தேன். அம்மா என் காதைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள். போகிற வழியில் அக்காவின் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அழுகிறாள், கூச்சப்படுகிறாள் என்று பெரியவர்கள் கணக்கு எழுதிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அடுக்களையில் காதைத் தேய்த்துக்கொண்டே கூடத்துப் பேச்சைக் கேட்டேன். 'அதுக்கென்ன, பி.எட். நாங்க படிக்க வைக்கோம்' என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். கதவிடுக்கு வழியாக அவர்கள் தலைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். எண்ணெய் மினுமினுக்கக் கறுகறுவென்று இருந்தன. சந்தோஷமாகிவிட்டது எனக்கு. உண்மையைத்தான் சொல்கிறார்கள்! சுழிநாட்டுச் சட்டம் டவுணில் செல்லாது என்பது அவள் பம்பாய் போய் வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது. அவள் பி.எட். படிக்கவே இல்லை.

நிச்சயம் ஆனதும் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. காலம் முடிந்த கோப்புகளை அழிக்கவேண்டும் என்பது ஆபீஸில் விதி. வீட்டிலும் அதே விதிதான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பரண் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அக்காவின் நீல முதுகுப் புத்தகம், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த இதழ்கள், எல்லாம் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிப் போயாச்சு.

'எப்பா, அது என் புத்தகம்' என்றாள் அக்கா.

'பாப்பா புத்தகம்தானம்மா. பம்பாய்ல மாப்பிள்ள உனக்கு வேற வாங்கித் தருவாக.'

'அது வாங்குன புத்தகம் இல்லப்பா.'

அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் முகத்தில் கெட்ட எண்ணம் துளிக்கூட இல்லை. நல்ல மனுஷர். நல்லவர்கள் மேல் கோபப்படுவது லேசில்லை. நான் நாற்பது வருஷமாகப் படுகிறேன், இப்போது கைதேர்ந்துவிட்டேன்.

நான் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். 'பைண்டா? அப்பமே பிரிச்சுப் பொட்டணத்துக்குப் போயிட்டேய்யா' என்றார் கடைக்காரர். அப்புறம் ஒரு வாரம், டவுணில் எந்தக் கடலை வண்டியைப் பார்த்தாலும் வாங்கினேன். கடலை, சுண்டல், பட்டாணி, பொரி. தின்பதற்கு இல்லை வே, பொட்டணத்தைப் பிரித்துப் பார்க்க. ஆனால் தின்றும் தொலைத்தேன்; தூக்கிப் போட மனசு வரவில்லை. மளிகைக் கணக்கு வந்தது, பரீட்சைத் தாள் வந்தது, யாருடைய கல்யாணப் பத்திரிகையோ வந்தது. கடைசியில் நெல்லையப்பர் கோயில் வாசலில், வேர்க்கடலைக்குள்ளிருந்து ஒரு துண்டு வந்தது. ஒரு பக்கம் பல்பொடி விளம்பரம். மறுபக்கம் படத்தின் ஓரம்: தண்ணிக்குள் மறையும் நீர்நாயின் வால். வால் மட்டும்தான். எண்ணெய்க் கறையில் அது நனைந்தே இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா எங்கள் நாலு பேரையும் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனாள். அம்மா படித்துறையில் துணி அலசினாள். ஆற்றில் நல்ல தண்ணி. ஈரக் கல்லும் பாசியும் திருநீறும் கலந்த வாசம். அக்கா கையில் பத்திரிகை இல்லை.

'மனப்பாடமா சொல்லுவாங்கலே எங்கக்கா' என்று நான் பெருமையடித்து நிலைமையைச் சமாளித்தேன். பாத்திரக் கடைப் பயல் நம்பினான். அவன் எதையும் நம்புவான்.

'பட்டாளம் பூராவும் வந்துட்டு' என்றாள் அக்கா. 'வெளிய இருந்து கதவத் தள்ளுதானுவ. நம்ம ஆளு உள்ள இருக்கா. நீர்நாய் கதவுக்கு முதுகக் கொடுத்து நிக்குது. தண்ணி முட்டிக்கு வந்தாச்சு. இடுப்புக்கு வந்தாச்சு. கழுத்துக்கு வருது. நீர்நாய் திரும்பிப் பாத்து, "ஏளா, நீ சொல்ல வேண்டியத யோசிச்சுச் சொல்லு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" அப்படிங்குது.'

'பெறகு?' என்றான் பாத்திரக் கடைப் பயல்.

'பெறகு அடுத்த வாரம்.'

'அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம்லாக்கா?' என்றேன் நான்.

'அதுக்கு? நீர்நாய்க்கு லீவு விட்டிருக்கா?'

படித்துறையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். சுழியைப் பார்த்து எறிந்தாள். அவள் அவ்வளவு ஓங்கி எதையும் எறிந்து நான் பார்த்ததே இல்லை. கைவளையல் ஒன்று உடைந்து கல்லில் தெறித்தது. 'கல்யாண நேரத்துல வளையல உடைக்கியே, பைத்தியக்காரி' என்று அம்மா சத்தம் போட்டாள்.

அடுத்த வாரம் மேளம், பந்தி, போட்டோ, மாலை. மறுநாள் சாயங்காலம் ஜங்ஷனில் ரயில். கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். 'கழுத்துக்கு வந்துட்டுல்லாக்கா, பெறகு என்ன, சட்டுனு சொல்லு, ஒரு வரி சொல்லு.' அவள் குனிந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. யாரோ பெட்டியைத் தூக்கினார்கள். யாரோ அவள் கையில் மல்லிகைப் பந்தைத் திணித்தார்கள். ரயில் படி உயரம். அப்பா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

'பைய ஏறும்மா' என்றார். 'பைய.'

அக்கா திரும்பினாள். அப்பாவை இல்லை, என்னைப் பார்த்தாள். பிறகு அவள் உள்ளே போனாள்.

'திற திற' என்று கத்துகிறவர்களுக்குத்தானே பாறை அசையாது. அப்பா கத்தவில்லை. எவ்வளவு பிரியமாகச் சொன்னார்! எங்கள் சொல்லை, எங்கள் நாட்டு வாசலைத் திறக்கிற சொல்லை, அந்த நாட்டையே எடைக்குப் போட்ட மனுஷர் சொன்னார். அது பலித்தும் விட்டது. ரயில் நகர்ந்தது. அப்பாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அந்தக் கையைத்தான் கடித்தேன்.

ரத்தம் வந்துவிட்டது. பிளாட்பாரமே கூடிவிட்டது. எல்லாரும் ஏகமனதாகச் சொன்னார்கள்: 'பிள்ள பயந்துட்டான். ரயில் சத்தம் ஒத்துக்கல.' கட்டுப் போட்ட கையோடு அப்பாவே என்னை மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனார். அவர் என் முகத்தில் திருநீற்றை ஊதி, கயிறு கட்டி, 'நல்ல பயந்திருக்கான்' என்று உறுதிப்படுத்தினார். கோபம் என்று ஒருத்தருக்கும் வாசிக்க வரவில்லை. சின்னப் பயலுக்கும் பொம்பளைப் பிள்ளைக்கும் கோபம் வந்தால் அந்தக் காலத்தில் அதற்குப் பயம், கூச்சம், கொழுப்பு என்று மூன்றே பெயர்தான் இருந்தது. எனக்குப் பயமும் இருந்தது என்பது வேறு விஷயம். எனக்கு எப்போதும் இருக்கும்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

'நீர்நாய் கதவுக்கு முதுகக் கொடுத்து நிக்கும் பாரு. என்னா எழுத்து!' போட்டவன் வேறு யாருமில்லை. பாத்திரக் கடைப் பயலே, நீதான். இப்போது ரெண்டு மாடிக் கடைக்கு முதலாளி. நீ போட்டதைப் பார்த்ததும் நான் பாளையங்கோட்டைக்கு ஓடிப்போய் அந்தத் தொகுப்பை வாங்கினேன். பத்து வயசில் மூன்றாம் அத்தியாயத்தில் மூடியதை, ஐம்பதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீ அழுத இடம் அந்தப் புத்தகத்தில் இல்லை. நீர்நாய் மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போச்சு. அதற்குப் பிறகு அதன் பேர்கூட வரவில்லை. உளி இல்லை. குனிய மாட்டேன் என்ற பெண் இல்லை. கழுத்தளவு தண்ணி இல்லை. நீ புத்தகத்தைப் பிரிக்காமலே அட்டையைப் பார்த்து அழுதிருக்கிறாய் மூதி! நாற்பது வருஷமாக எங்கள் அக்காவின் கதையை உள்ளே வைத்துக்கொண்டு, எவனோ ஒரு பூட்ஸ்காரப் புனைபெயரில் வரவு வைத்திருக்கிறாய்.

உன்னைக் கடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் பம்பாய்க்குப் போன் போட்டேன்.

'என்னலே, இந்நேரத்துல? யாருக்கும் ஒண்ணுமில்லையே?' என்றாள் அக்கா. பேத்தி எடுத்தாச்சு, இன்னும் என் போன் வந்தால் முதலில் இதைத்தான் கேட்கிறாள். என் புத்தி அவளுக்குத் தெரியும்.

'அக்கா, நீர்நாய் செத்துட்டுன்னு கெட்டி அட்டை போட்டு விக்கான்.'

மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறந்திருந்தால் அவள் மேலும் கோபப்படத் தயாராக இருந்தேன்.

'அவன் கெடக்கான். அது எங்க சாவும்?' என்றாள். நாற்பது வருஷம் கழித்து அதே எரிச்சல், சொட்டுக் குறையவில்லை. பிறகு, 'நான் எங்கன கொண்டுபோய் நிறுத்துனேன்?' என்றாள்.

'கழுத்துல. தண்ணி கழுத்துக்கு வந்தாச்சு. அது முதுகக் கொடுத்து நின்னுக்கிட்டே இருக்கு. நீ ரயிலேறிட்ட. பாவம்லாக்கா, சட்டுனு சொல்லு.'

'ஏலே, சத்தம் போடாத. அடுப்புல பால் கெடக்கு, இறக்கீட்டு வாரேன். பைய சொல்லுதேன்.'

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, துண்டிக்கவில்லை. பம்பாயில் ஒரு அடுக்களையில் பாத்திரம் உருளுகிறது. யாரோ குழந்தை எதையோ கேட்கிறது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இந்தக் கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்ப்யூட்டரில் உங்களுக்கு இந்தக் கடைசி வரிகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். குழுவில் யாரும் இப்போது எனக்குக் கூப்பிட்டுத் தொலைக்காதீர்கள். லைன் கட்டாகிவிடும்.